உடுக்குறியின் கதை

பெயர்கள் பெருகுமிடத்து, அவற்றுட் சிலவற்றை மட்டும் ஒருங்கே அழைப்பது எங்ஙனம் என்ற வினா எழுகின்றது. நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஏவுவது கணினியைக் கையாள்வோர்க்குப் பெருஞ் சுமையாகும். இச்சுமையைக் குறைக்கப் பிறந்தவையே உடுக்குறியும் வினாக்குறியும் கொண்ட பெயர்மாதிரிகள்.

அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சன், டெனிஸ் றிச்சி ஆகியோர் 1969ஆம் ஆண்டில் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தொடங்கினர். அதன் முதற் பதிப்பின் கைந்நூல் 1971 நவம்பர் 3ஆம் திகதியைத் தாங்கியது. அத்தளத்தில் உடுக்குறி எத்தனை எழுத்துகளுக்கும் நிகராக நிற்கும். எழுத்தே இல்லாவிடினும் பொருந்தும். வினாக்குறியோ ஒரேயோர் எழுத்துக்கு மட்டும் இடங்கொடுக்கும். ஆகவே, 'கணக்கு' என்பதை அடுத்து உடுக்குறி வரின் கணக்கு, கணக்கு7, கணக்கு12 ஆகிய மூன்றும் அகப்படும். வினாக்குறி வரின் கணக்கு7 மட்டுமே அகப்படும்.

இம்மாதிரிக்குரிய பெயர்களைத் தேடுவது யாருடைய கடமை? யுனிக்ஸ் அறிஞர் இதனைத் தனித்தனிக் கட்டளைகளிடம் விட்டுவிடவில்லை. பயனரின் கட்டளையை முதலில் வாங்குவது 'ஷெல்' என்னும் செய்நிரல். அது இக்குறிகளைக் கண்டதும் 'குளொப்' என்னும் வேறொரு சிறு செய்நிரலை அழைக்கும். குளொப் கோப்பகத்தைத் துருவிப் பொருந்தும் பெயர்களைத் திரட்டியபின் உரிய கட்டளையை இயக்கும். அக்கட்டளை காண்பது பெயர்ப்பட்டியலை மட்டுமே; மாதிரியை அது அறியாது. இதனாற் புதிய கட்டளை எழுதுவோர் எவரும் மாதிரிகளைப் பற்றிச் சிந்திக்கவேண்டிய தேவை ஒழிந்தது.

ஆயினும், இந்நன்மைக்கு ஒரு விலை இருந்தது. 'பழைய' எனத் தொடங்கும் கோப்புகளை அழிக்க விரும்பும் ஒருவர், அச்சொல்லுக்கும் உடுக்குறிக்கும் இடையே தவறி ஓர் இடைவெளி விட்டாராயின், உடுக்குறி தனித்து நின்று, புள்ளியில் தொடங்குவன தவிர்ந்த எல்லாப் பெயர்களையும் குறித்துவிடும். அழிக்கும் கட்டளைக்கோ அது பிழையென்று தெரிய வழியில்லை. அதற்குக் கிடைத்தது நீண்டதொரு பட்டியல். அது தன் பணியை முடித்துவிடும்.

1981இல் தோன்றிய எம்.எஸ்.டொஸ் இதற்கு மாறான நெறியைக் கைக்கொண்டது. அங்கு மாதிரி விரிக்கப்படாமலே கட்டளையைச் சென்றடையும். ஆதலால், யாவற்றையும் அழிக்குமாறு ஏவப்பட்ட கட்டளை, 'உறுதிதானா?' என்று கேட்கும் நிலையில் இருந்தது. ஆனால், மாதிரிகளை விரிக்கும் வேலையைச் செய்நிரல் ஒவ்வொன்றும் தானே செய்யவேண்டியதாயிற்று.

1979இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலே ஷெல் அப்பணியைத் தன்னுள்ளே ஏற்றுக்கொண்டது. தனிச் செய்நிரலாக இருந்த குளொப் மறைந்தது. எனினும் பெயர் மறையவில்லை. 1992ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமத்தில் அதே பெயருடைய செயற்கூறு இடம்பெற்றது. 1990இல் தோன்றிய இஸட்-ஷெல்லோ, அழிக்கும் கட்டளையோடு தனி உடுக்குறி வரக்காணின் பயனரை வினவும் இயல்புடையது. மாதிரியை அறிந்தது ஷெல்லே. எனவே, கேட்கத்தக்கதும் அதுவே.

அத்தகைய காவல் இல்லாத இடத்தில், கிடைத்ததை அவ்வாறே எழுதிக்காட்டும் 'எக்கோ' கட்டளைக்கு அதே மாதிரியை முதலிற் கொடுத்துப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம். இரண்டிற்கும் மாதிரியை விரிப்பது ஒரே ஷெல் ஆதலின், எக்கோ காட்டும் பட்டியலே அழிக்கும் கட்டளைக்கும் செல்லும்.