விற்பவர் வாக்கும் மருத்துவர் சான்றும்: குதிரை வாங்குமுன் செய்யும் பரிசோதனையின் வரலாறு

இன்று இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ சவாரிக் குதிரை வாங்க நினைப்பவர் விலை பேசி முடித்ததும் கால்நடை மருத்துவரை அழைக்கிறார். மருத்துவர் கண்ணையும் இதயத்தையும் மூச்சையும் சோதிப்பார், குதிரையை நடத்தியும் ஓட்டியும் பார்ப்பார், வேண்டுமானால் எக்ஸ்ரே எடுப்பார். அவருடைய அறிக்கை வந்த பிறகுதான் பணம் கைமாறும். மருத்துவ அறிவு வளர்ந்ததன் விளைவாக இந்த வழக்கம் வந்தது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். அது பாதி விளக்கம்தான். குதிரையின் குறைகளைக் கண்டறியும் அறிவு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கணிசமாக இருந்தது. அந்த அறிவு எப்போது பயன்பட்டது, விற்பனைக்கு முன்பா பின்பா, யாருடைய செலவில் என்பதை முடிவு செய்தது சட்டம். குறையுள்ள குதிரையைத் திருப்பிக் கொடுக்க முடிந்த நாடுகளில் மருத்துவர் விற்பனைக்குப் பின் வந்தார். திருப்பிக் கொடுக்க முடியாத இடத்தில் விற்பனைக்கு முன் வந்தார். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

குளம்பிலிருந்து

கி.மு. நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸைச் சேர்ந்த செனபோன் குதிரையேற்றம் பற்றி எழுதிய சிறு நூல், குதிரை வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்றே தொடங்குகிறது. முதலில் காலைப் பார்க்கச் சொல்கிறார். மேற்கட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்தளம் சரியில்லாத வீட்டால் பயனில்லை என்பது அவர் காட்டும் உவமை. குளம்பின் ஓடு தடிப்பாக இருக்க வேண்டும், உயர்ந்து நிற்க வேண்டும். நல்ல குளம்பு தரையில் படும்போது தாளம்போல் ஒலிக்கும் என்று தமக்கு முன் எழுதிய சைமனை மேற்கோள் காட்டுகிறார். பழக்காத குட்டியென்றால் உடலமைப்பே சாட்சி. சவாரிக்குப் பழகிய குதிரையென்றால் பல்லைப் பார்த்து வயதறிய வேண்டும், கடிவாளத்தை ஏற்கிறதா, ஏறவிடுகிறதா, மற்ற குதிரைகளைப் பிரிந்து போகிறதா என்று சோதிக்க வேண்டும். இன்றைய பரிசோதனையின் எலும்புக்கூடு முழுவதும் இதில் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை: வாங்குபவருக்காகப் பார்த்துச் சொல்லும் மூன்றாம் மனிதர். செனபோனின் வாசகன் குதிரைப்படைக்குப் போகும் செல்வந்தன். அவன் தானே பார்த்துக்கொள்வான்.

இந்திய மரபில் அந்த மூன்றாம் மனிதர் அரசு அதிகாரியாக வருகிறார். அர்த்தசாஸ்திரம் கூறும் அசுவாத்தியட்சர், லாயத்துக்கு வரும் ஒவ்வொரு குதிரையையும் அது விலைக்கு வந்ததா, போரில் பிடிபட்டதா, லாயத்திலேயே பிறந்ததா என்று பிரித்து, குலம், வயது, நிறம், அடையாளக் குறி, வந்த தேசம் ஆகியவற்றோடு பதிவு செய்ய வேண்டும். ஊனமுற்றவை, நோயுற்றவை, இலட்சணம் கெட்டவை பற்றி மேலே தெரிவிக்க வேண்டும். சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திர மரபு பல்லையும் குரலையும் நிறத்தையும் பார்த்தது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழியைப் பார்த்தது. சுழி பார்ப்பதை மூடநம்பிக்கை என்று தள்ளுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இன்று ஐரோப்பியக் குதிரைகளுக்கு வழங்கப்படும் அடையாளப் புத்தகத்தில் சுழிகள் ஒவ்வொன்றாகக் குறிக்கப்படுகின்றன. முன்னால் நிற்கும் குதிரை அந்தப் புத்தகத்துக்கு உரியதுதானா என்று உறுதி செய்ய மருத்துவரும் அவற்றைப் பார்க்கிறார். பலன் சொன்ன சுழி இப்போது அடையாளம் சொல்கிறது.

சட்டத்தின் பக்கம் உரோமரே தொடங்கிவைத்தனர். சந்தையை மேற்பார்த்த ஈடைல் அதிகாரிகளின் ஆணை, அடிமைகளையும் பொதிவிலங்குகளையும் விற்பவர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. சொல்லாமல் விற்றால் வாங்கியவர் 6 மாதத்துக்குள் விற்பனையை முறிக்கலாம், அல்லது ஓராண்டுக்குள் விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். சந்தையில் அணிவித்துக் காட்டிய அலங்காரத்தைக் கழற்றிக்கொண்டு விலங்கை மட்டும் ஒப்படைத்தால் வழக்குத் தொடர 60 நாள். விற்பவருக்குக் குறை தெரிந்திருந்ததா என்ற கேள்வியே எழவில்லை. தெரியாவிட்டாலும் பொறுப்பு அவருடையதே. ஐரோப்பாவின் ஒரு பாதி இந்த விதியைக் காத்துக்கொண்டது, மறுபாதி கைவிட்டது. பின்னால் வந்த வேறுபாடு எல்லாம் அங்கிருந்து கிளைத்தது.

மதுரையின் தலைகீழ் ஒப்பந்தம்

பொறுப்பு முழுவதும் வாங்குபவர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டிய நாடு சான்று. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மாபாருக்கு, அதாவது பாண்டிய நாட்டுக் கரைக்கு, அனுப்பும் ஒப்பந்தத்தைக் குறிப்பிடுகிறார். ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்று முன்கூட்டியே நிர்ணயம். வழியில் காயம் பட்டாலும் செத்தே போனாலும் விலை அரசுக் கருவூலத்திலிருந்து வந்துவிடும். இப்படி ஒரு நிபந்தனை இருக்கும்போது துறைமுகத்தில் குதிரையைச் சோதித்து யாருக்கு என்ன பயன்? மார்க்கோ போலோ இதன் விளைவைச் சொல்கிறார்: ஆண்டுக்கு ஈராயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை. குதிரை பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே போய்விடாதபடி வணிகர்களே தடுத்தார்கள் என்றும் எழுதுகிறார். அவர் கூற்றில் மிகை இருக்கலாம். வணிகர்களின் நலன் எங்கே இருந்தது என்பதில் மிகை இல்லை. இரு நூற்றாண்டு கழித்து விஜயநகரம் பற்றி எழுதிய போர்த்துக்கீசியர் நூனிஸ், அதன் அரசர் சாளுவ நரசிம்மர் கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலும் முழு விலை கொடுத்தார் என்கிறார். பகை அரசர்களுக்குக் குதிரை போய்விடக் கூடாது என்ற அவசரம், குதிரையின் தரத்தைப் பற்றிய கவலையை விழுங்கிவிட்டது.

நரியைப் பரியாக்கிய திருவிளையாடலை இந்தப் பின்னணியில் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். மாணிக்கவாசகரிடம் பாண்டியன் கொடுத்தனுப்பியது குதிரை வாங்கும் பணம். இறைவன் வருவது குதிரை வணிகனின் கோலத்தில். பகலில் பார்த்த கண்களுக்கு எல்லாம் சாதிக் குதிரைகள், இரவில் அவையே ஊளையிடும் நரிகள். பக்தியைச் சொல்ல வந்த கதையில் குதிரைச் சந்தையின் பழைய அச்சமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இங்கிலாந்து: வாங்குபவரே விழித்திரு

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் உரோம விதியை ஏற்கவில்லை. 1555ஆம் ஆண்டும் 1589ஆம் ஆண்டும் இயற்றிய சட்டங்கள் சந்தையில் விற்கும் குதிரையின் நிறத்தையும் அடையாளத்தையும் சுங்கப் பதிவேட்டில் எழுதச் சொன்னது திருட்டைத் தடுப்பதற்காக. நோயைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை. விற்பவர் வெளிப்படையாக உத்தரவாதம் கொடுத்தால் மட்டுமே வழக்கு. 18ஆம் நூற்றாண்டில், முழு விலை வாங்கியவர் குறையற்ற பொருளைத் தந்தாக வேண்டும் என்ற எண்ணம் ஓரளவு வேரூன்றியது. 1802இல் பீர் காய்ச்சப் பயன்படும் ஹாப் பூ மூட்டைகள் தொடர்பான பார்க்கின்சன் - லீ வழக்கு அதையும் வெட்டிவிட்டது. எனவே ரசீதில் ஒரு வரி எழுதி வாங்குவதே வாங்குபவரின் ஒரே காப்பு: இன்ன விலைக்கு விற்ற இந்தக் குதிரை நோயற்றது, கெட்ட பழக்கமற்றது, சவாரிக்கும் வண்டிக்கும் அடங்கும்.

அந்த வரியைக் கொடுக்காமல் தப்பிக்கவும், கொடுத்தால் அது பொய்யென்று தெரியாமல் மறைக்கவும் தரகர்கள் வளர்த்த கலை தனி இலக்கியம். கிழட்டுக் குதிரையின் முன்பல்லைக் குடைந்து சூட்டுக்கோலால் கருப்புக் குழி இடுவார்கள், வயது குறைந்துவிடும். கண்ணுக்கு மேலுள்ள பள்ளத்தில் காற்றை ஊதி நிரப்புவார்கள். மூச்சிரைப்புள்ள குதிரைக்குக் கொழுப்பும் ஈயக் குண்டுகளும் விழுங்கக் கொடுத்தால் சில மணி நேரம் விலா அடங்கும். சளி ஒழுகும் மூக்கில் பஞ்சை அடைப்பார்கள். எல்லாவற்றிலும் கொடூரமானது, ஒரு கால் நொண்டும் குதிரையின் நல்ல காலிலும் லாடத்துக்கடியில் கூழாங்கல்லைச் செருகுவது. இரண்டு காலும் வலித்தால் நடை சமமாகிவிடும் அல்லவா? 1835இல் சர் ஜார்ஜ் ஸ்டீபன் என்ற வழக்கறிஞர், குதிரை தேடி அலைந்த கனவானின் அனுபவங்களாக ஒரு நூல் எழுதினார். அட்டையில் அவர் இட்டுக்கொண்ட புனைபெயர் ‘கேவியட் எம்ப்டார்’. வாங்குபவரே விழித்திரு என்ற அந்த இலத்தீன் சட்டத் தொடரே ஆசிரியராகிவிட்டது.

இதே காலத்தில்தான் கால்நடை மருத்துவக் கல்வி பிறந்தது. பிரெஞ்சுக்காரர் பூர்ஜெலா 1762இல் லியோனில் கால்நடை மருத்துவப் பள்ளியைத் திறந்தார். புகழ்பெற்ற பந்தயக் குதிரை எக்லிப்ஸ் 1789இல் இறந்தபோது அதை அறுத்து அளந்த செயின்பெல், 1791இல் லண்டன் கல்லூரியின் முதல் பேராசிரியரானார். லியோனில் படித்துத் தேறிய ஆங்கிலேயர் வில்லியம் மூர்க்ராஃப்ட் 1808இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பேற்று இந்தியா வந்தார்.  பட்டம் பெற்ற மருத்துவர் கிடைத்ததும் லண்டன் கனவான்கள் லாடக்காரரை விட்டு அவரிடம் வந்தார்கள். உத்தரவாதம் தராத விற்பனையாளரிடம் வாங்கும்போது மருத்துவரின் கருத்தே உத்தரவாதத்துக்கு மாற்றானது.

வில்லியம் யூவாட் 1831இல் வெளியிட்ட ‘தி ஹார்ஸ்’ நூலில், குதிரையின் நலமும் வாங்கல் விற்றலும் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. மருத்துவர் எழுதிய நூலில் சட்ட அத்தியாயம் இடம்பெற்றது தற்செயலன்று. சான்றிதழில் ‘நலம்’ என்று எழுதியவர் நாளை சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். அந்தச் சொல்லின் எல்லையை வகுத்ததும் நீதிபதிகளே. தற்காலிக நொண்டலும் நலக்கேடுதான் என்று 1815இல் எல்லன்பரோ பிரபு கூறினார். 1842இல் கிடெல் - பர்னார்ட் வழக்கில் நீதிபதி பார்க் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் வரையறையைத் தந்தார்: விற்கும் நேரத்தில் விலங்கின் இயல்பான பயன்பாட்டைக் குறைக்கும் நோயோ, போகப்போகக் குறைக்கக்கூடிய நோயோ இருந்தால் அது நலமற்றது. இந்த அளவுகோலை அப்படியே பிடித்தால் எந்தக் குதிரை தேறும்? குளம்பில் சிறு வெடிப்பு, பழைய காயத்தின் வீக்கம், எதுவும் இல்லாத வேலைக்குதிரை அரிது. ஒரே குதிரையை ஒரு மருத்துவர் நலமென்றும் இன்னொருவர் நலமற்றதென்றும் சத்தியம் செய்த வழக்குகள் தொழிலுக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தன.

கண்டத்தின் பட்டியல்கள்

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1838 மே 20ஆம் நாள் சட்டம் விற்பனையை முறிக்கத்தக்க குறைகளைப் பட்டியலிட்டது. 1884இல் அது திருத்தப்பட்டது. நாட்பட்ட மூச்சிரைப்பு, மூச்சுக்குழல் இரைச்சல், தொட்டிக் கட்டையைக் கவ்விக் காற்று விழுங்கும் பழக்கம், விட்டு விட்டு வரும் பழைய நொண்டல், மீண்டும் மீண்டும் வரும் கண் அழற்சி முதலியவை பட்டியலில் நின்றன. காலக்கெடு 9 நாள், கண் அழற்சிக்கு மட்டும் 30 நாள், ஏனென்றால் அது தணிந்து மறைந்து மறுபடி தலைகாட்டும். ஜெர்மனி 1899 ஆணையில் 6 பெருங்குறைகளையும் 14 நாள் உத்தரவாதத்தையும் வகுத்தது. பட்டியலில் இருந்தால் குதிரை திரும்பும், இல்லாவிட்டால் பேச்சில்லை. இங்கே மருத்துவரின் வேலை விற்பனைக்குப் பின்னரே தொடங்கியது: பட்டியலில் உள்ள நோய்தானா, விற்ற நாளிலேயே இருந்ததா. ஆங்கில மருத்துவர் முன்னோக்கிக் கணிக்க, கண்டத்து மருத்துவர் பின்னோக்கித் துப்பறிந்தார்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1890 வாக்கில் ரஷ்ய மருத்துவர்கள் கண்டுபிடித்த மேலீன் சோதனை, வெளித்தெரியாத கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோயைக் காட்டிக்கொடுத்தது. படைக்குக் குதிரை வாங்குவோருக்கு அது பெரிய வரம். குதிரையைச் சுவரோரம் நிறுத்திக் கம்பை ஓங்கி, அது உறுமுகிறதா என்று கேட்டு மூச்சுக்குழலைக் கணித்த பழைய தந்திரத்தின் இடத்தை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எண்டோஸ்கோப் பிடித்துக்கொண்டது. எக்ஸ்ரே மட்டும் தனிக் கதை, அது பின்னால் வரும்.

தீர்ப்பிலிருந்து அறிக்கைக்கு

இயந்திரங்கள் வந்தபின் குதிரை படையையும் வண்டியையும் விட்டு விளையாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் வந்தது. வாங்குபவரும் மாறினார். ஒலிம்பிக் தாண்டலுக்கு வாங்குபவர் தேடுவதும் பத்து வயதுச் சிறுமிக்கு மட்டக்குதிரை வாங்கும் தந்தை தேடுவதும் ஒன்றல்ல. பிரிட்டனின் கால்நடை மருத்துவ அமைப்புகள் 1970களில் ஒன்றுசேர்ந்து வகுத்த நெறிமுறை இதை ஏற்றது. அசையாமல் நிற்கவைத்துச் சோதித்தல், நடையும் துள்ளுநடையும், சவாரியோடு கடும் ஓட்டம், ஓய்வு, மறுபடி துள்ளுநடை என ஐந்து கட்டங்கள். ஓய்வுக்குப் பின் மீண்டும் பார்ப்பது, ஓடும்போது மறைந்த வலி தசை ஆறியதும் வெளிப்படும் என்பதால். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருக்கலாம் என்பதால் இரத்தம் எடுத்து 6 மாதம் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் இப்போது ‘நலம்’ என்று சான்றளிப்பதில்லை. கண்ட குறைகளை எழுதி, வாங்குபவர் சொன்ன பயன்பாட்டுக்கு அவை தடையாகக்கூடுமா என்று கருத்துரைக்கிறார். அமெரிக்கக் குதிரை மருத்துவர் சங்கம் இன்னும் ஓரடி பின்வாங்கியது. அதன் வழிகாட்டுதலின்படி மருத்துவர் கண்டதைச் சொல்வார், தேறியது தேறவில்லை என்று சொல்லமாட்டார். வாங்குவதா வேண்டாமா என்பது வாங்குபவரின் பாடு. இதை அடக்கம் என்பதா, வழக்குக்கு அஞ்சிய தற்காப்பு என்பதா? இரண்டாவதன் பங்கே அதிகம் என்பது என் கணிப்பு.

ஜெர்மனியில் 2002இல் கடன்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டபோது 1899இன் பட்டியல் மறைந்தது. எது குறை என்பதற்கு எல்லை வகுத்த பட்டியல் இல்லாததால் விற்பனைக்குப் பின் துப்பறிவது மட்டும் போதாமல், முன்பே பார்க்கும் வழக்கம் அங்கும் வலுத்தது. கூடவே எக்ஸ்ரே படங்களை I முதல் IV வரை வகுப்புகளாகப் பிரித்து மதிப்பிடும் முறையும் வேரூன்றியது. விளைவு விசித்திரமானது. ஒருநாளும் நொண்டாத குதிரை, முதுகெலும்பு முட்கள் படத்தில் நெருங்கித் தெரிந்த ஒரே காரணத்தால் விலை இழந்தது. உயிருள்ள விலங்கு இலட்சிய உடலமைப்போடு இருக்கும் என்று வாங்குபவர் எதிர்பார்க்க முடியாது, நோய்க்குறி இல்லாத படக்குறை மட்டும் குறையாகாது என்று 2007இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியது. 2018இல் மருத்துவர்களே அந்த வகுப்புகளைக் கைவிட்டனர். இதற்கிடையில் 2011 டிசம்பரில் அதே நீதிமன்றம், பிழையாகச் சோதித்த மருத்துவர், முதலில் விற்றவரிடம் போய்க் கேளுங்கள் என்று வாங்கியவரைத் திருப்பியனுப்ப முடியாது என்று தீர்ப்பளித்தது. விற்றவரும் மருத்துவரும் அந்த இழப்புக்குச் சேர்ந்தே பொறுப்பு.