கதவைத் தட்டுமுன் காரணம்



ஓரிரவு. அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்துச் சியாட்டில் நகரில் துப்பறியும் போலீஸ் அதிகாரி ஒருவருக்குச் செய்தியொன்று வந்தது. ஒரு தங்கும் விடுதியில் யாரோ அபின் புகைக்கின்றனர் என்பதே அச்செய்தி. அதைக் கொணர்ந்தவனும் போதைப் பழக்கம் உடையவனே. மத்திய அரசின் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகள் நால்வரை உடனழைத்துக்கொண்டு அவ்வதிகாரி விடுதிக்குச் சென்றார். நடைவழியில் அபின் புகையின் நாற்றம் வீசிற்று. ஐவரும் அத்தொழிலில் நெடுநாள் பழகியவர்கள்; ஆதலின் நாற்றம் எவ்வறையிலிருந்து வருகிறதென எளிதில் கண்டுகொண்டனர்.

கதவைத் தட்டினர். உள்ளே ஏதோ சலசலப்புக் கேட்டது. சிறிது நேரங் கழித்து ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். உள்ளே சென்ற அதிகாரி, அபின் நாற்றத்தைப் பற்றிக் கேட்டார். அப்படியொரு நாற்றமே இல்லை என்றார் அப்பெண்மணி. உடனே, "உம்மைக் கைது செய்கிறோம்; அறையைச் சோதனையிடப் போகிறோம்" என அறிவித்துத் தேடலாயினர். அபினும், சூடு ஆறாத புகைக்கும் கருவிகளும் அகப்பட்டன.

பொருள் கையும் களவுமாகக் கிடைத்தது. எனினும், 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை ரத்துச் செய்தது. இது விந்தையாகத் தோன்றுகிறதல்லவா? இதன் காரணத்தை அறிய ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1762இல் இங்கிலாந்தில், அரசாங்கத்தைத் தாக்கி எழுதினார் என்று ஜான் என்டிக் என்னும் எழுத்தாளரின் வீட்டில் அரசரின் ஏவலர் நால்வர் புகுந்தனர். நான்கு மணி நேரம் பூட்டுகளை உடைத்து, பெட்டிகளைக் குடைந்து, தாள்களை அள்ளிச் சென்றனர். இன்ன தாள்தான் வேண்டுமென்று அவர்கள் கையிலிருந்த ஆணை குறிப்பிடவில்லை. 1765இல் கேம்டன் பிரபு, இத்தகைய ஆணைக்கு நாட்டின் சட்டத்தில் இடமே இல்லை எனத் தீர்ப்பளித்தார்.

அக்காலத்தில் அமெரிக்கா ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்தது. அங்கே சுங்க அதிகாரிகள், கடத்தல் சரக்குத் தேடுவதாகச் சொல்லி எந்த வீட்டிலும் கிடங்கிலும் நுழைவதற்குப் பொது ஆணைகளை வைத்திருந்தனர். அரசர் இறந்து ஆறு திங்கள் கழிந்தால்தான் அவ்வாணைகள் காலாவதியாகும். 1760இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் இறக்கவே, புதிய ஆணைகள் வேண்டியிருந்தன. 1761 பிப்ரவரியில் பாஸ்டன் நகர நீதிமன்றத்தில் ஜேம்ஸ் ஓட்டிஸ் என்னும் வழக்கறிஞர் அவற்றை எதிர்த்து வாதாடினார். அரசாங்கத்தில் தாம் வகித்த பதவியைத் துறந்துவிட்டே அவர் இவ்வழக்கை ஏற்றார். வழக்கில் தோற்றார், ஆனால் அவர் சொன்னது தோற்கவில்லை. அதனைச் செவிமடுத்த இளைஞருள் ஒருவர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் அந்நாட்டின் இரண்டாம் குடியரசுத் தலைவரானவர். விடுதலை வேட்கை அன்று அவ்விடத்தில் பிறந்ததென்று அவர் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

இவ்வநுபவத்தின் விளைவே 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தம். நம்பத்தகுந்த காரணம் இருந்தாலொழியச் சோதனை ஆணையோ பிடியாணையோ பிறக்கலாகாது. அக்காரணம் சத்தியப் பிரமாணத்தால் உறுதிப்பட வேண்டும். சோதிக்கும் இடமும், கைப்பற்றும் ஆளும் பொருளும் இன்னவெனக் குறிக்கப்பெற வேண்டும் என்பது அதன் கருத்து.

நம்பத்தகுந்த காரணம் என்பது யாது? வெறும் சந்தேகத்தினும் மேற்பட்டது அது. தண்டனைக்கு வேண்டிய முழுச் சான்றினும் குறைந்தது. நிதானமுள்ள ஒருவர், தமக்குத் தெரிந்த செய்திகளைக் கொண்டு, இங்கே குற்றம் நிகழ்கிறதென நியாயமாக நம்பக்கூடுமானால் அது போதும்.

இனிச் சியாட்டில் விடுதிக்குத் திரும்புவோம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ராபர்ட் ஜாக்சன். நியூரம்பர்க் விசாரணையில் அமெரிக்காவின் தலைமை வழக்கறிஞராக விளங்கியவர். நாற்றமே ஆணை பெறுவதற்குப் போதிய காரணமாகலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அது போதுமா என்று முடிவு செய்யவேண்டியவர், குற்றவாளியைப் பிடிக்கும் முனைப்பிலுள்ள அதிகாரி அல்லர்; நடுநிலையில் நிற்கும் நீதிபதியே என்றார். அன்று எவரும் தப்பியோடவில்லை. ஆணை பெற நேரமிருந்தது. மேலும், கதவு திறக்கும்வரை உள்ளே இருப்பவர் யாரென்றே அதிகாரிகளுக்குத் தெரியாது. நுழைந்த பின் கண்டதைக் கொண்டு கைது. கைதைக் கொண்டு சோதனை நியாயம் என்பது வட்டத்திற்குள் சுற்றும் வாதம். நீதிபதிகளுள் ஐவர் இதை ஏற்றனர், நால்வர் உடன்படவில்லை.

அந்நால்வரின் தயக்கம் புறக்கணிக்கத்தக்கதன்று. போதைப்பொருள் ஒரு நொடியில் மறைந்துவிடும். அது குடும்பங்களைப் பாழாக்கும் கொடியது. ஆதலின் இவ்வளவுகோல் பின்னரும் பலமுறை சோதனைக்குள்ளாயிற்று.

டென்வர் நகரில், ஒருவன் ரயிலில் ஹெராயின் கொண்டுவருவான் என்று, முன்னர் பலமுறை சரியான செய்தி தந்த ஒருவர் சொன்னார். அவனுடைய உயரம், உடை, பை, விரைந்து நடக்கும் வழக்கம் அனைத்தும் சொன்னபடியே இருந்தன. ஆணையின்றியே கைது செய்தனர், ஹெராயினும் அகப்பட்டது. 1959இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. நீதிபதி டக்ளஸ் ஒருவரே மறுத்தார். மழைச்சட்டை அணிவதும் வேகமாக நடப்பதும் குற்றமல்லவே! 1964இல், 'நம்பிக்கைக்குரிய ஒருவர் சொன்னார்' என்னும் ஒற்றை வாசகத்தால் டெக்ஸாஸ் மாநிலத்தில் பெற்ற ஆணை செல்லாதென்றது நீதிமன்றம். சொன்னவருக்கு அஃது எப்படித் தெரியும்? அவரை ஏன் நம்புவது? இவ்விரு வினாக்களுக்கும் விடை வேண்டுமென்றது. 1983இல் இல்லினாய் மாநிலத்துக் கஞ்சா வழக்கில் இக்கண்டிப்புத் தளர்ந்தது. பெயரில்லாக் கடிதமாயினும், போலீசார் விசாரித்து அறிந்தவற்றோடு சேர்த்துச் சூழ்நிலை முழுவதையும் நோக்கினால் போதும் எனத் தீர்ப்பாயிற்று. 2013இல், பயிற்சி பெற்ற நாயின் மோப்பமும் அவ்வாறே மதிப்பிடப்பட்டது.

அளவுகோல் இறுகியது, தளர்ந்தது. ஆனால் காரணம் முன்னும் சோதனை பின்னும் என்னும் வரிசை மட்டும் மாறவில்லை.

என் ஆசிரியப் பணியில் நிகழ்ந்த ஒன்றையும் சொல்கிறேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு பேனா காணாமற் போயிற்று. எவர்மீதும் ஐயங்கொள்ளக் காரணமில்லை. ஆயினும் நாற்பது பிள்ளைகளின் பைகளையும் கொட்டச் சொன்னேன். பேனா கிடைத்தது. ஆனால் குற்றமற்ற வேறொரு சிறுவனின் பையிலிருந்து, பகலுணவில் தான் உண்ணாமல் தங்கைக்காக எடுத்து வைத்திருந்த சோற்றுப் பொட்டலம் எல்லோர் முன்னிலையிலும் விழுந்தது. சில நாள் அவன் பள்ளிக்கே வரவில்லை. பேனா கிடைத்ததே என்று என்னால் ஆறுதல் கொள்ள இயலவில்லை.

சோதனையில் பொருள் அகப்பட்ட வழக்குகளே பெரும்பாலும் நீதிமன்றத்திற்கு வருகின்றன. ஒன்றும் அகப்படாத வீடுகளின் கதை அங்கே வருவதில்லை. சியாட்டில் தீர்ப்பு அந்த அபினுக்காக அன்று. அத்தகைய வீடுகளுக்காகவே எழுதப்பட்டது. நாளை உங்களுள் சிலர் காவல் அதிகாரிகளாகலாம், சிலர் நீதிபதிகளாகலாம். ஒரு கதவின் முன் நிற்கும்போது, உள்ளே என்ன கிடைக்கும் என்று எண்ணுமுன், எக்காரணத்தால் இங்கே வந்தோம் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.