விளிம்பில் இருக்கும் பெயர்

எங்கள் காடாம்புலியூர்ப் பக்கத்தில் ராணுவத்தில் சேர்ந்தவரை 'பட்டாளத்துக்குப் போயிட்டான்' என்பார்கள். முதல் உலகப்போரில் அப்படிப் போனவர்களில் ஒரு சாராரை நாம் அடியோடு மறந்துவிட்டோம். அவர்கள் ரிசர்வ் சிப்பாய்கள். சில ஆண்டுகள் படையில் இருந்துவிட்டு ஊர் திரும்பி, மாதாமாதம் சொற்பத் தொகை வாங்கிக்கொண்டு உழவு பார்த்தவர்கள். 1914இல் போர் மூண்டதும் மறுபடி அழைப்பு வந்தது. உழுதவர்கள் கப்பலேறினார்கள். இவர்களையும் சேர்த்து அந்தப் போரில் உயிரிழந்த இந்தியப் படையினர் ஏறத்தாழ 74,000 பேர்.

மெசொப்பொட்டேமியாவில், இன்றைய ஈராக்கில், மாண்டவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வெள்ளைக்காரர் என்றால் சாதாரணச் சிப்பாய்க்கும் அதில் பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர். சிப்பாய்கள் ரெஜிமெண்டுவாரியாக வெறும் எண்ணிக்கை. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில், ஆசிய, ஆப்பிரிக்கப் படையினர் 45,000 முதல் 54,000 பேர் வரை இப்படிப் பாகுபாட்டோடு நினைவுகூரப்பட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. தமிழகக் கிராமங்களில் அன்றைய அரசு பதித்த கல்வெட்டுப் பலகைகளும் இதே கணக்குத்தான்: இந்த ஊரிலிருந்து போனவர் இத்தனை பேர், உயிர் கொடுத்தவர் இத்தனை பேர். யார் என்று அந்தக் கல் சொல்லாது.

இறந்த வீரனை நினைப்பது நமக்குப் புதிதா என்ன? நடுகல்லுக்குக் கல் தேடுவதிலிருந்து வாழ்த்துவதுவரை ஆறு நிலைகளை வகுத்தது தொல்காப்பியம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகல் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தையது. ஆநிரைப் பூசலில் விழுந்தவனின் பெயர் அதில் இருக்கிறது. நம் பண்ருட்டி வட்டத்து மருங்கூரிலும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது. சோறு பொங்கிய பானையிலேயே எழுதி வைத்தவர்களின் வழியில் வந்தவன், பாஸ்ராவில் ஓர் எண்ணாக நிற்கிறான். எனக்கு இது ஆறவில்லை.

பெயர் நிலைத்தவர்களும் உண்டு. செங்கற்பட்டுச் சீமையில் கீழ்ஒட்டிவாக்கத்தில் பிறந்த சுபேதார் சுப்பிரமணியன் மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 'தம்பிகள்' என்று செல்லமாக அழைக்கப்படும் படை அது. கண்ணிவெடிகளைத் தேடி எடுத்து, பின்னால் வருபவர்கள் நடக்க வழி செய்வது அவர்கள் வேலை. இரண்டாம் உலகப்போரில், 1944 பிப்ரவரியில், இத்தாலியின் மின்யானோ அருகே உடன் வந்த ஒருவர் கண்ணியை மிதித்துவிட்டார். வெடிப்பதற்குள் இருந்த சில நொடிகளில் சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்து, தன் உடம்பால் மூடினார். மற்றவர்கள் பிழைத்தார்கள். இறந்த பின் அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. அவருடைய ஊர்ப் பிள்ளைகளாவது பள்ளியில் இதைப் படிக்க வேண்டும்.

இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவுக்குத் தாத்தாவின் பதக்கம் கிடக்கலாம். முதல் உலகப்போர்ப் பதக்கத்தின் முன்பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கலாம், அதை விடுங்கள். விளிம்பைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்து, ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். படை எண்ணும் பெயரும் பிரிவும் பொடி எழுத்தில் அடித்திருக்கும். ஒரு தாளில் அதை எழுதி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். பழைய இரும்புக்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.