வேகமீறல் வழக்குகளுக்கான காலவரம்பு

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வழக்குத் தொடரப் பொதுவான காலவரம்பு ஏதும் இல்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டமே அதைக் கொண்டுவந்தது: அபராதம் மட்டும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆறு மாதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி வேகமீறலுக்கு அபராதமே தண்டனை என்பதால் அதுவும் இதில் அடங்கும். தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில், சம்பா அறுவடை நேரமான தைப்பொங்கலன்று விரைந்த காரின் மீதான வழக்கு, ஆடி பிறக்கும் முன் நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் அதை மன்னிக்கலாம். 2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இதே வரம்பை வைத்துள்ளது.

ஓட்டுநருக்கு உண்மையில் பயன்படுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 209ஆம் பிரிவு. வழக்கு வரக்கூடும் என்று சம்பவ இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும். அல்லது 14 நாட்களுக்குள் அவருக்கோ வாகன உரிமையாளருக்கோ அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். அல்லது 28 நாட்களுக்குள் அழைப்பாணை சேர்ந்திருக்க வேண்டும். மூன்றும் இல்லையெனில் தண்டிக்க இயலாது. பெயர், முகவரி கண்டறிய முடியாமற்போனாலோ, தாமதத்துக்கு ஓட்டுநரே காரணமானாலோ இந்தக் காப்பு கிடையாது. மாதங்கள் கழித்துக் கேட்டால், அன்று என்ன வேகத்தில் போனோம் என்று யாருக்கு நினைவிருக்கும்?

கேமரா பதிவுகளுக்காக 2021இல் வந்த மத்திய விதியோ 15 நாள் என்கிறது. விதி சட்டத்தை மீற முடியாது. எனவே 15ஆம் நாளில் முதன்முறையாக அனுப்பிய அறிவிப்பு, 209ஆம் பிரிவின் 14 நாள் கணக்கில் சேராது.