காணாக்கடி
தோலில் திடீரென எழும், அரிப்புடன் கூடிய சிவந்த தடிப்புகள். மருத்துவத்தில் அர்ட்டிகேரியா எனப்படும். தோலிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடும்போது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசிந்து தோல் தடிக்கிறது. ஒவ்வொரு தடிப்பும் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சுவடின்றி மறையும். வேறிடத்தில் புதிது தோன்றலாம். வைரஸ் தொற்று, இறால், நிலக்கடலை, பெனிசிலின், ஆஸ்பிரின், பூச்சிக்கடி ஆகியவை இதைத் தூண்டக்கூடும். 6 வாரங்களுக்கு மேல் நீடிப்பது நாள்பட்ட வகை. அதில் பெரும்பாலும் புறக்காரணம் எதுவும் புலப்படுவதில்லை. செட்டிரிசின், லோரட்டடின் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகளே முதற்கட்டச் சிகிச்சை. ஒரு நாளைக் கடந்தும் மறையாமல், கன்றிய தடம் விடும் தடிப்பைத் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உயிருக்கு ஆபத்து. அட்ரினலின் ஊசி தேவைப்படும் என்பதால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.