முக்கால் படி எண்ணெய் பத்தணா

ஓசூர் தாண்டி கர்நாடகத்துக்குள் நுழைந்தால் அத்திபெலே. பிழைப்புக்காக இங்கே வந்த நம்மூர்க் குடும்பங்கள் நிறைய. சந்தையில் நாம் "கால் கிலோ" என்றால் பக்கத்தில் நிற்கும் கன்னடக்காரர் "காலு கேஜி" என்கிறார். அரை அவருக்கு அரெ, முக்கால் முக்காலு. பதினாறில் ஒரு பங்கான வீசம்கூட இரண்டு மொழிக்கும் பொதுச்சொத்து.

நம் பிள்ளைகளோ பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க "தலைகீழாக்கிப் பெருக்கு" என்று மனப்பாடம் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எண்சுவடியில் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு படித்தவர்கள். அரைக்கால் 1/8, மாகாணி 1/16, முந்திரி 1/320 என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அளவைகளும் அதே வரிசைதான். படியில் அரைக்கால் ஓர் ஆழாக்கு, ரூபாயில் மாகாணி ஓரணா. ஓரணாவுக்கு 12 பை.

முக்கால் படி எண்ணெய் பத்தணா என்றால் ஒரு படி என்ன விலை? 5/8 ரூபாயை 3/4 படியால் வகுக்க வேண்டும். பழைய கணக்கில் பின்னமே வராது. முக்கால் படி 6 ஆழாக்கு, பத்தணா 120 பை. ஆழாக்கு 20 பை, படி 160 பை, அதாவது 13 அணா 4 பை. தலைகீழாக்கிப் பெருக்கினாலும் 5/6 ரூபாய், அதே விடைதான்!

1150-ல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதியிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 3/7 நிஷ்கத்துக்கு இரண்டரைப் பலம் குங்குமப்பூ. 9 நிஷ்கத்துக்கு எவ்வளவு? 1/7 நிஷ்கத்துக்கு 5/6 பலம். 9 நிஷ்கத்தில் அப்படி 63 பங்கு. ஆக 52½ பலம்.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தது. அணாவும் பையும் போயின. பிறகு கிலோவும் லிட்டரும் வந்து வீசையும் படியும் ஒதுங்கின. நல்ல மாற்றம்தான். வங்கியில் தினம் வட்டி போடுகிற எனக்குத் தசமத்தின் அருமை தெரியும். ஆனால் இரண்டையும் ஒரே சிறு அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு எண்ணுகிற பழக்கமும் கூடவே போனதுதான் நஷ்டம்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். முக்கால் மணியில் இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் ஒரு மணிக்கு எவ்வளவு? தலைகீழாக்க விடாதீர்கள். இரண்டரையில் 10 கால், முக்காலில் 3 கால். பத்தை மூன்றால் வகுத்தால் 3⅓ கிலோமீட்டர். அவ்வளவுதான்.