டிசம்பர் சங்கீதம்

வந்தவாசியில் விடிகாலை பஸ் ஏறினால் மத்தியானக் கச்சேரிக்குச் சென்னை போய்ச் சேர்ந்துவிடலாம். டிசம்பர் கடைசி வாரத்தில் இதைப் பல வருஷங்களாகச் செய்துவருகிறேன். மத்தியானக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. பாடுகிறவர்கள் சிறு வயதினர். சபையில் முப்பது நாற்பது தலைகள். சாயங்காலத்துப் பெரிய கச்சேரிகளைவிட எனக்கு இவையே உவப்பு. பாடுகிறவருக்கு உள்ளூர பயம் இருப்பதால் ராகம் கொஞ்சம் உயிரோடு வருகிறது.

இதை மார்கழி உற்சவம் என்கிறார்கள். ஆண்டாளையும் துணைக்கு இழுக்கிறார்கள். சரித்திரத்தில் அவ்வளவு பக்தி இல்லை. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, அதையொட்டி அகில இந்திய சங்கீத மாநாடு ஒன்று நடந்தது. அதன் விளைவாக 1928-இல் மியூசிக் அகாடமி. காங்கிரஸ் டிசம்பர் கடைசியில் கூடுவது வழக்கம். அது வக்கீல்கள் நிறைந்த கட்சி. கோர்ட்டுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. நாளடைவில் சங்கீத சீசனும் அதே மாதத்தில் நிலைத்துவிட்டது.

இதில் கேலிக்கு ஒன்றுமில்லை. சமஸ்தானமும் ஜமீனும் வித்வானைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், டிக்கெட் வாங்கிக் கேட்க முன்வந்தது இந்த வர்க்கம்தான். ஆனால் ஆதரிக்கிறவன் பொறுக்கி எடுக்கவும் செய்கிறான். 1931 மார்ச்சில் கல்யாணியின் புதல்விகள் அகாடமி மேடையில் ஆடினார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான இ. கிருஷ்ணய்யரும் வக்கீல்தான். 1933-இல் பாலசரஸ்வதி ஆடினார். கோயிலில் பெண்களைப் பொட்டுக்கட்டுவதையும், கோயில் நடனத்தையும் 1947 சட்டம் தடுத்தது. சதிர், பரதநாட்டியம் என்று பெயர் மாறி மேடையில் கௌரவம் பெற்றது. பரம்பரையாக ஆடியவர்களில் அந்த கௌரவத்தில் பங்கு கிடைத்தவர்கள் மிகச் சிலர். பாலசரஸ்வதிக்கு சங்கீத கலாநிதி 1973-இல் வந்தது. அவர் முதலில் அங்கே ஆடி நாற்பது வருஷங்கள் கழித்து. தமிழில் பாட இடம் கேட்டவர்களுக்கோ தனி ஸ்தாபனமே வேண்டியிருந்தது: 1943, தமிழ் இசைச் சங்கம். அவர்களும் டிசம்பரில்தான் விழா நடத்துகிறார்கள்.

எங்கள் பக்கத்துக்கு வேறு சீசன். வந்தவாசி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு 1760-இல் பிரெஞ்சுக்காரர் தோற்ற சண்டை, அல்லது கோரைப்பாய். உள்ளூரில் வருஷம் என்பது பாரதக் கூத்து. அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகு, திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. கடைசி நாள் படுகளம்: தரையில் மண்ணால் செய்து கிடத்திய பிரம்மாண்டமான துரியோதனன், பிறகு தீமிதி. முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் கூட வர, விடிகிறவரை உச்ச ஸ்தாயியில் பாடுவார்கள். என் காதில் முதலில் விழுந்த மோகனமும் முகாரியும் அங்கே கேட்டவைதான், பெயர் தெரியாமல். சபாவில் முதல் தடவை முகாரி கேட்டபோது, 'இது திரௌபதி அழுததாயிற்றே' என்று நினைத்தேன். பக்கத்து ஆசாமியிடம் சொல்லவில்லை.

அந்த மௌனம் என்னுடையது மட்டும்தானா என்று இப்போது சந்தேகம். சாஸ்திரீயம் என்று கோடு போட்டபோது, அதே ராகங்களைப் பாடிய கூத்தாடி கோட்டுக்கு வெளியே நின்றான். செய்யாறு பக்கத்துப் புரிசையின் கண்ணப்பத் தம்பிரானை டில்லியின் சங்கீத நாடக அகாடமி விருது கொடுத்துக் கௌரவித்தது. நம் சபாக்களின் ரசிகர்களில் எத்தனை பேர் அவர் பாடிக் கேட்டிருப்பார்கள்?

சீசனில் சிநேகமான ஒருவர், நல்ல ரசிகர், பங்குனியில் படுகளம் பார்க்க வருவதாக ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்கிறார். இதுவரை வந்ததில்லை. வக்கீல், அப்போது கோர்ட் இருக்கிறது.